போகியன்று சேர்ந்தேன், மாட்டுப் பொங்கலன்று அறுவைசிகிச்சை: இந்தத் தாமதத்துக்கு வழக்குப் போட முடியுமா?

பிழைதிருத்தி, வில்லிவாக்கம் (2025 ஆகஸ்ட் 9)

எனக்கு 47 வயது. ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக ஒற்றெழுத்துகளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறேன். கீழே எழுதியிருப்பதில் கூச்சப்படவேண்டிய சங்கதிகள் உண்டு. பெயர் போடாமல் எழுதலாம் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரையும் சொல்லப்போவதில்லை, யாரும் கேட்கவேண்டாம்.

2024 ஜனவரி. நந்தனத்தில் புத்தகக் காட்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் தொழிலில் மார்கழி என்றால் கோலமோ வெண்பொங்கலோ இல்லை, இரண்டாம் பதிப்பு அவசரம்தான். 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெம்போ வந்து நிற்கிறது, கட்டு ஏற்றும் பையன் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டான். நான் தூக்கினேன். நான்காவது கட்டில் இடுப்பில் சுரீர் என்றது. பழைய டிஸ்க் தொந்தரவு இருப்பவன், ஆகவே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தைலம், மாத்திரை, தூக்கம்.

சனிக்கிழமை இடது காலில் இழுத்த வலி, இருட்டுவதற்குள் வலது காலுக்கும் வந்தது. தெருமுனை டாக்டரிடம் ஓர் ஊசி போட்டுக்கொண்டேன். ஞாயிறு போகி. விடியற்காலை கழிவறையில் உட்கார்ந்தபோது பின்பக்கமும் தொடையிடுக்கும் என்னுடையவையே அல்ல என்பதுபோல் இருந்தது. சைக்கிள் ஓட்டினால் சீட்டில் படுகிற இடம் இருக்கிறதே, அது முழுவதும் மரத்துவிட்டது. தோலுக்கும் எனக்கும் நடுவில் யாரோ பைண்டிங் அட்டையைச் செருகிவிட்டார்கள். கழுவும்போது தண்ணீர் கைக்குத் தெரிந்தது, அந்த இடத்துக்குத் தெரியவில்லை.

போகிப் புகையில் எதிரே வரும் பஸ்கூடத் தெரியாத நிலையில் ஆட்டோவில் போய், காலை ஒன்பதரைக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படுத்தேன். டியூட்டி டாக்டர் என் மகள் வயதுப் பெண். வலி எங்கே, எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா என்று கேட்டார். காலைத் தூக்கிப் பார்த்தார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார். நான், ‘பின்பக்கம் கொஞ்சம் மரத்திருக்கிறது’ என்றேன். பக்கத்தில் மைத்துனி நிற்கிறாள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ‘நரம்பு அழுத்தத்தில் கால் மரத்துப்போகும் சார், சரியாகிவிடும்’ என்றார். நான் கால் என்று சொல்லவில்லை. ஆனால் திருத்தவும் இல்லை. ஊரார் எழுத்தையெல்லாம் திருத்துகிறவன் அந்த ஒரு சொல்லை அப்படியே விட்டுவிட்டேன்.

சிறுநீர் போகிறதா, மலம் போகிறதா என்று அன்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. அந்த இடத்தை யாரும் தொட்டுப் பார்க்கவும் இல்லை. வலிக்கு ஊசி, டிரிப்ஸ், அறை. மதியம் ஆயாம்மா கொடுத்த கேனில் சிறுநீர் கழித்தேன். விட்டுவிட்டு வந்தது, வேகமில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. நள்ளிரவு தாண்டி இரண்டே முக்கால் இருக்கும், அடிவயிறு பானைபோல் வீங்கியிருக்கிறது, ஆனால் முட்டவில்லை. சிஸ்டரிடம் சொன்னேன். அவர் போனில் யாரையோ கேட்டுவிட்டு, ‘வலி ஊசியால் இருக்கலாமாம், தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கட்டும், கழிவறைக் குழாயைத் திறந்துவிடச் சொன்னார்’ என்றார். திறந்துவிட்டார். விடியும்வரை குழாய்தான் ஓடியது. ஆறு மணிக்குக் கதீட்டர் போட்டதும் பையில் 1,100 மில்லி இறங்கிற்று. அந்தச் சிஸ்டர் வாயடைத்து நின்றது இப்போதும் நினைவிருக்கிறது.

திங்கள் பொங்கல். பதினொன்றரைக்குப் பெரிய டாக்டர் வந்தார். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் விடுமுறை, நாளை எடுக்கலாம் என்றார். வெளியே எடுக்கலாமா என்று மனைவி கேட்டாள். நோயாளியை அலைக்கழிக்கவேண்டாம் என்று பதில் வந்தது. செவ்வாய் மாலை நாலு மணிக்கு ஸ்கேன். அதன் பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். இரவு பத்து மணிக்கு அறுவைசிகிச்சை. கடைசி டிஸ்க் பிதுங்கி நரம்புக்கற்றை மொத்தத்தையும் நசுக்கியிருந்ததாம். குதிரைவால் என்ற பெயரையே அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

இப்போது நடக்கிறேன், இடது பாதம் கொஞ்சம் இழுக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை நானே குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்கிறேன். அச்சகத்துக் கழிவறையில் அதற்கென்று ஓர் ஆணி அடித்துப் பை மாட்டியிருக்கிறேன். மலத்துக்கு இனிமா. மற்றதைப் பற்றி எழுதவில்லை, புரிந்துகொள்வீர்கள்.

மொத்தப் பில் 3,40,000 ரூபாய். இந்த மே மாதம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இதுதான்: ‘15ஆம் தேதி அதிகாலை சிறுநீர் அடைப்பு ஏற்பட்டதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை செய்யப்பட்டுள்ளது. நோயாளி தம் அறிகுறிகளை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை.’ டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இடுப்பு வலி, இரு கால் வலி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுடன் 14ஆம் தேதி அனுமதிக்கப்பட்டார்’ என்று இருக்கிறது. கேஸ் ஷீட் என்னிடம் இல்லை. ஆனால் அவசரப் பிரிவில் எழுதிய முதல் பக்கத்தை அன்றே மனைவி போனில் படம் எடுத்திருந்தாள். அதில் ‘மலம், சிறுநீர்: இயல்பு’ என்று எழுதியிருக்கிறது. கேட்காமலே எப்படி எழுதினார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

பத்தொன்பது மாதங்கள் ஆகிவிட்டன. உரக்கச் சொல்லாதது என் தப்பா? சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா? வழக்கென்று போனால் நிற்குமா?

பட்டறிவு, ஆவடி

ஐயா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் வந்து சாட்சி சொல்லமாட்டார். என் தம்பி ஒரு கண் அறுவைசிகிச்சைக்காக ஆறு வருடங்கள் அலைந்து, செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடுங்கள்.

இரவுப்பணி

நான் எலும்பு மருத்துவத்தில் முதுகலை முடித்து நாலு வருடம் ஆகிறது. பண்டிகை இரவுகளில் தனியாக அவசரப் பிரிவைப் பார்த்தவன் என்ற முறையில் அந்த இளம் டாக்டர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அதையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவது அவருக்குச் சாதகமாக இல்லை.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனி இழைகளாகத் தொங்குகின்றன, குதிரைவால் என்ற பெயர் அதனால் வந்தது. அந்த இழைகளில் நடுவில் இருப்பவை சிறுநீர்ப்பைக்கும் ஆசனவாய்க்கும் நீங்கள் சொன்ன சைக்கிள் சீட்டு இடத்துக்கும் போகின்றன. டிஸ்க் பெரிதாக நடுப்பக்கம் பிதுங்கினால் இவை சிக்கிக்கொள்ளும். கால் வலியை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

இடுப்பு வலியோடு வருபவர்களில் மிகச் சிலருக்கே இது வரும் என்பது உண்மை. ஆனால் இரண்டு காலிலும் வலி, அதோடு பின்பக்கம் மரத்திருக்கிறது என்று ஒருவர் முனகினால்கூட, அங்கே பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டுப் பார்க்கவேண்டும், ஆசனவாய்த் தசையின் இறுக்கத்தை விரலால் பார்க்கவேண்டும், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கவேண்டும். 200 மில்லிக்கு மேல் மிச்சம் இருந்தால் சந்தேகம் பலமாகிவிடும். இதெல்லாம் இறுதியாண்டு மாணவனுக்கே தெரிந்த பாடம். எம்.ஆர்.ஐ. உடனே எடுக்கவேண்டும். டெக்னீஷியன் இல்லையென்றால் இருக்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸில் அனுப்பவேண்டும். சென்னையில் பொங்கலன்று ஸ்கேன் எடுக்க இடமே இல்லை என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது.

உங்கள் கேள்விக்கு: நோயாளி கூச்சப்படுவார் என்பது மருத்துவருக்குத் தெரிந்தே இருக்கவேண்டும். துருவிக் கேட்பது எங்கள் வேலை. மைத்துனியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவேண்டியதும் எங்கள் வேலைதான்.

அந்த 48 மணி நேரக் கதையைப் பற்றி. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 322 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, 48 மணிக்குள் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் அதற்குப் பிறகு செய்துகொண்டவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்றது. அதிலிருந்து இந்த எண் எங்கள் வட்டாரத்தில் ஒட்டிக்கொண்டது. 47ஆம் மணி வரை டீ குடிக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. முக்கியமான வேறுபாடு இது: நரம்பு நசுங்கியும் சிறுநீர் இன்னும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும் கட்டம் ஒன்று, முழுக்க நின்று பை உணர்விழந்துவிட்ட கட்டம் இன்னொன்று. முதல் கட்டத்தில் பிடித்தால் சிறுநீர்ப்பை பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1,100 மில்லி தேங்கியும் உங்களுக்கு முட்டவில்லை என்றால் அது இரண்டாம் கட்டம். சாதாரணமாக நானூறு, ஐந்நூறு மில்லியிலேயே ஆளை உட்காரவிடாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஞாயிறு மதியமே அறுத்திருந்தாலும் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதிகூற முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார்.

பாரிமுனை வக்கீல்

நுகர்வோர் வழக்குகள் நடத்துகிறேன். என்னிடம் வாருங்கள் என்று அழைக்க முடியாது, பார் கவுன்சில் விதி. பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் பிழைதிருத்தி ஐயாவுக்கு ஒரு மெய்ப்பு. உங்களிடம் இருக்கும் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சம்மரி, நீங்கள் சிறுநீர் அடைப்போடு வந்தீர்கள் என்கிறது. கடிதம், அடைப்பு 15ஆம் தேதி அதிகாலைதான் வந்தது என்கிறது. முதல் பக்கம், வந்தபோது சிறுநீர் இயல்பு என்கிறது. சம்மரி உண்மையானால் ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து செவ்வாய் இரவு பத்துவரை அறுபது மணி நேரம், அவர்கள் சொல்லும் 48 அங்கேயே உடைகிறது. கடிதம் உண்மையானால் நீங்கள் சிறுநீர் போகும் நிலையில் உள்ளே வந்தீர்கள், அவர்களுடைய படுக்கையில் நீங்கள் படுத்திருக்கும்போதுதான் அது நின்றுபோயிற்று. மேலே டாக்டர் சொன்ன முதல் கட்டம், இரண்டாம் கட்டம் அதுதானே? நீங்கள் வயிறெரிகிற அந்த ‘மலம், சிறுநீர்: இயல்பு’ என்ற வரியைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் வழக்கில் அதைவிட உங்களுக்கு உதவும் வரி வேறு இருக்காது. படத்தை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்.

இரண்டாவது, காலக்கெடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அந்த நம்பிக்கையில் இருக்கவேண்டாம். 2026 ஜனவரி 13ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பொங்கல் வருகிறது, ஆகையால் தீபாவளிக்கு முன்பே தாக்கல் செய்துவிடுவது புத்திசாலித்தனம். நிர்வாகத்தோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாலோ நோட்டீஸ் அனுப்புவதாலோ கெடு நீளாது. ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று இழுத்தடித்தே கெடுவைத் தாண்டவைத்த கதைகள் எனக்குத் தெரியும்.

மூன்றாவது, ஆவணங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் ஒன்று, நேரில் முத்திரை வாங்கிக்கொண்டு ஒன்று. ‘கேஸ் ஷீட்’ என்று மட்டும் எழுதினால் டாக்டர் குறிப்பை மட்டும் நகல் எடுத்துக் கையில் திணிப்பார்கள். செவிலியர் குறிப்பு, மருந்து அட்டவணை, உட்கொண்ட நீரும் வெளியேறிய நீரும் எழுதும் தாள், எம்.ஆர்.ஐ. கேட்ட சீட்டு, அது எழுதப்பட்ட நேரம், எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டாக்டர்கள் நாலு வரியில் முடித்துக்கொள்வார்கள், செவிலியர்கள்தான் மணிக்கு மணி எழுதுகிறவர்கள். என் அனுபவத்தில் வழக்குகள் அங்கேதான் திரும்பியிருக்கின்றன.

எங்கே போடுவது? இழப்பீடு எவ்வளவு கேட்கிறோம் என்பதல்ல, சிகிச்சைக்கு எவ்வளவு கட்டினோம் என்பதே இப்போது அளவுகோல். இது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது. 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம், ஆகவே உங்களுடையது அங்கேதான். கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

டியூட்டி டாக்டரின் பெயர் தெரியாதே என்று கவலைப்படவேண்டாம். சவிதா கார்க் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், மருத்துவமனையை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால் போதும், கவனக்குறைவு இல்லை என்று விளக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு என்றது. பட்டறிவு அவர்களுக்கு: நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010இல் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் இதைப்போன்ற நரம்புச் சங்கதியில் ஒரு முதுகெலும்பு அறுவை நிபுணரின் எழுத்து இல்லாமல் போவது வெறுங்கையோடு போவதுதான். வெளிமாநிலத்தில் தேடினால் கிடைப்பார்கள்.

காவல் நிலையத்துக்குப் போகவேண்டாம். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்குக்குப் பிறகு, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு நிற்கும். அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் தனியாகப் புகார் கொடுக்கலாம். அவர்கள் மருத்துவரை எச்சரிக்கலாம், பதிவை நிறுத்திவைக்கலாம், உங்களுக்குப் பணம் வாங்கித்தர முடியாது.

எவ்வளவு காலம் ஆகும்? சட்டம் மூன்று மாதம், ஐந்து மாதம் என்கிறது. சிரிக்காதீர்கள். 1996இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் குறித்த வாரங்களுக்குள் கண் பரிசோதனை செய்யாமல் பார்வை போயிற்று. பெற்றோர் விடவில்லை. ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015இல். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது. இரண்டு பக்கமும் சேர்த்துச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

லெஸ்டர் பிசியோ

அண்ணா, எனக்குச் சொந்த ஊர் பெரம்பூர், இப்போது இங்கிலாந்தில் பிசியோதெரபிஸ்ட். இங்கே இந்த நோயென்றால் மருத்துவமனைகளுக்கு ஒரு நடுக்கம் உண்டு, தவறவிட்டால் இழப்பீடு வாழ்நாள் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக்கொண்டு எங்கேயோ போய்விடும். 2023இல் நாடு முழுமைக்கும் ஒரே நடைமுறை வெளியிட்டார்கள். சந்தேகம் வந்து எம்.ஆர்.ஐ. கேட்டால் நாலு மணி நேரத்துக்குள், இரவானாலும் ஞாயிறானாலும், எடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி நடக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் கேள்வி கேட்கும் விதம் மாறிவிட்டது. ‘யூரின் போகிறதா?’ என்று கேட்டால் எல்லாரும் போகிறது என்றுதான் சொல்வார்கள், அதனால் அப்படிக் கேட்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கழிவறையில் துடைக்கும்போது காகிதம் படுவது தெரிகிறதா, சிறுநீர் போய்க்கொண்டிருப்பது பார்க்காமலே தெரிகிறதா, தொடங்க நேரம் ஆகிறதா, உடலுறவில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். பஞ்சாபிப் பாட்டி ஒருவரிடம் முதல்முறை கேட்டபோது எனக்குத்தான் வியர்த்தது. அவர் சாதாரணமாகப் பதில் சொன்னார். இடுப்பு வலியென்று வந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் கையில், எந்த அறிகுறி வந்தால் அந்த நிமிடமே திரும்பி வரவேண்டும் என்று ஓர் அட்டையும் கொடுத்து அனுப்புகிறோம்.

தண்ணீர் கைக்குத் தெரிந்தது, அந்த இடத்துக்குத் தெரியவில்லை என்று எழுதினீர்களே, அதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்லி நான் கேட்டதில்லை. வழக்கு மனுவில் அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

வியாசர்பாடி தங்கை

அண்ணே, என் வீட்டுக்காரருக்கு லாரியிலிருந்து விழுந்து இதே நிலை, ஏழு வருடம் ஆகிறது. வழக்கு நடக்கும்போது நடக்கட்டும், அதற்குள் உடம்பு கெட்டுவிடக் கூடாது. கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போனீர்களா? குழாய் விடுவதை அங்கே உட்காரவைத்துச் சரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமுன் இவருக்கு மாதம் ஒருமுறை காய்ச்சல், சிறுநீரில் கிருமி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். நாற்பது சதவீதமோ மேலோ வந்தால் சலுகைகள் உண்டு. இழப்பீடு கேட்கும்போதும் அந்தச் சான்றிதழ் காட்ட உதவும் என்று எங்கள் வக்கீல் சொன்னார். குழாய், ஜெல், பஞ்சு என்று வாங்குகிற ஒவ்வொரு ரசீதையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். நாங்கள் முதல் மூன்று வருட ரசீதைத் தூக்கிப்போட்டுவிட்டு அழுதோம்.

பிழைதிருத்தி, வில்லிவாக்கம் (2025 செப்டம்பர் 6)

எல்லாருக்கும் நன்றி. தங்கையின் பிஸ்கட் டப்பா முதல் நாளே வந்துவிட்டது. கே.கே. நகருக்கும் இரண்டு முறை போய்வந்தேன்.

மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வக்கீல் ஐயா. அந்தச் சம்மரியை இந்தப் பத்தொன்பது மாதங்களில் இருபது முறையாவது படித்திருப்பேன். சந்திப்பிழை ஏழு கண்டுபிடித்து வட்டம் போட்டிருக்கிறேன். இந்த முரண் கண்ணில் படவில்லை. அச்சகத்தில் சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்.

ஆவணங்களுக்கு எழுதிக் கொடுத்த மூன்றாம் நாள் போனேன். ரெக்கார்ட்ஸ் அறைச் சாவி வைத்திருப்பவர் விடுப்பு என்றார்கள். ஐந்தாம் நாள், பில்லிங்கில் கேளுங்கள். எட்டாம் நாள் 2002 விதியை நகல் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன், அன்று சாயங்காலமே கிடைத்தது. 84 பக்கம். பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், ரசீது டப்பாவில் இருக்கிறது.

வெளியேறிய நீர் எழுதும் தாளில், 14ஆம் தேதி பகல் 1.30க்கு நேரே ‘சிறுநீர் 200’ என்று இருக்கிறது. அப்புறம் மறுநாள் காலை ஆறுவரை கோடு, கோடு, கோடு. அதிகாலை 2.40க்கு ‘சிறுநீர் இறங்கவில்லை, டியூட்டி டாக்டருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது’. எம்.ஆர்.ஐ. சீட்டு எழுதப்பட்ட நேரம் 16ஆம் தேதி காலை 9.15. டெக்னீஷியன் திங்களன்று விடுமுறை என்றார்கள் அல்லவா? திங்களன்று சீட்டே எழுதவில்லை.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் தேடினேன். எதிர்பார்க்காதது 29ஆம் பக்கத்தில் இருந்தது. போகி இரவு 8.10. வலிக்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நினைவே இல்லை, அல்லது நினைவில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. வைத்த சிஸ்டர், கோழிக் கிறுக்கல் கையெழுத்தில், எழுத்துப்பிழையோடு இரண்டு வரி எழுதியிருக்கிறார்: ‘மருந்து வைத்தது தெரியவில்லை, அங்கே உணர்வே இல்லை என்று நோயாளி சொல்கிறார். டியூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது.’

அதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள், ‘நீங்கள் சொன்னீர்கள், நான் கதவுக்கு வெளியே நின்றேன், எனக்குக் கேட்டது’ என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன். 29ஆம் பக்கத்தை மட்டும் மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.